கொங்கிறீட் பீமும் காபன் நார்ப் பட்டியும்: ஒட்டுவதற்கு முன் அறியவேண்டியவை

எங்கள் பாடசாலையின் பழைய மாடிக் கட்டடத்தில், ஒன்பதாம் தர வகுப்பறைக்கு மேலே ஒரு பீம் இருக்கிறது. ஒரு மாரி முடிந்த கையோடு அதன் அடிப்பக்கத்தில் நீளவாக்காக ஒரு வெடிப்புத் தெரிந்தது. வெடிப்பின் ஓரமெல்லாம் துருக்கறை. எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சாந்து பூசி, அதன் மேல் பெயின்ற் அடித்து மறைத்தோம். சில மாதங்களில் அந்தச் சாந்தோடு சேர்ந்து கொங்கிறீட்டும் ஒரு துண்டு கழன்று முன்வரிசை மேசையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை பகல், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு விழுந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த வாரமே பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடியது. கட்டட வேலை செய்கின்ற ஒருவரையும் அழைத்திருந்தோம். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத உடைக்கத் தேவையில்ல சேர். இப்ப காபன் ஷீட் எண்டு ஒண்டு வந்திருக்கு. ரெண்டு தரம் ஒட்டினாப் போதும், பீம் புதுசு மாதிரி" என்றார். உடைத்துக் கட்டும் செலவை நினைத்துக் கலங்கியிருந்த எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பெற்றோரிடமும் பழைய மாணவரிடமும் சேர்த்த காசு அதற்குக் காணும் போலவும் இருந்தது. அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

மூலையில் இருந்த பழைய மாணவர் ஒருவர், இப்போது சிவில் பொறியியலாளர், ஒரேயொரு கேள்வி கேட்டார். "ஆராவது தட்டிப் பாத்தீங்களா?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அவர் ஏணி வைத்து ஏறிச் சின்னச் சுத்தியலால் பீமை நெடுகத் தட்டிக்கொண்டு போனார். சில இடத்தில் 'டங்' என்று கணீரெனக் கேட்டது. வெடிப்பு இருந்த பக்கமெல்லாம் 'பொத் பொத்' என்றது. இறங்கி வந்து, "சேர், இந்தப் பொத்தல் சத்தம் வாற இடத்தில ஒட்டுறதும் ஒட்டாம விடுறதும் ஒண்டுதான்" என்றார்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். பீமைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்த வகுப்பறையில் இருப்பது என் பிள்ளைகள். ஆகவே அவரிடம் கேட்டும், தேடி வாசித்தும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பள்ளிவாசல், மத்ரசா, பாடசாலை எனப் பொதுக் கட்டடம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருக்கிற எவருக்கும் ஒரு நாள் இது தேவைப்படலாம்.

பீம் எப்படித் தாங்குகிறது?

கொங்கிறீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் இழுவைப் பலம், அமுக்கப் பலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இதை வகுப்பில் ஒரு வெண்கட்டியைக் கொண்டே காட்டலாம். வெண்கட்டியை நிறுத்தி மேலிருந்து அமுக்கினால் இலேசில் உடையாது. இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் உடனே 'டக்' என்று முறியும். வளையும்போது மேற்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. முறிவு இழுபடுகிற பக்கத்தில்தான் தொடங்கும்.

பீமும் அப்படித்தான். மேலே சிலாப்பும் சுவரும் ஆட்களும் பாரமாக இருக்க, பீம் கண்ணுக்குத் தெரியாத அளவில் கீழே வளைகிறது. அடிப்பக்கத்து இழுவையைத் தாங்கவே உள்ளே கம்பி வைக்கிறோம். நம் முன்னோர் கூரைக்குக் குறுக்கே போட்ட மரத்தைத் 'தீராந்தி' என்று சொன்னார்கள். போர்த்துக்கேயரின் 'திராந்தெ' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. இழுத்துப் பிடிப்பது என்பதே அதன் அடிப்பொருள். கொங்கிறீட் பீமுக்குள் அந்த இழுத்துப் பிடிக்கும் வேலையைக் கம்பி செய்கிறது.

வெடிப்பைப் பார்த்தே ஓரளவு காரணத்தை ஊகிக்கலாம். பீமின் நடுப்பகுதியில், அடியிலிருந்து நேர் மேலாக எழும் வெடிப்பு வளைவால் வருவது. மயிரிழை அளவில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அகன்றுகொண்டே போனால் கவனிக்கவேண்டும். தூணுக்குக் கிட்டச் சாய்வாக ஏறும் வெடிப்பு, வெட்டு விசையால் வருவது. இது திடீர் முறிவுக்கு அறிகுறியாகலாம் என்பதால் பொறியியலாளர்கள் இதற்கே கூடுதலாகப் பயப்படுவார்கள். மூன்றாவது எங்கட வகுப்பறையில் வந்தது: கம்பி போகிற வழியே நீளவாக்கில் ஓடுகிற வெடிப்பு, துருக்கறையோடு. இது உள்ளே கம்பி துருப்பிடிப்பதன் அடையாளம். துருவாக மாறும் இரும்பு தன் முந்திய கனவளவைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும். உள்ளிருந்து அது தள்ளும்போது வெளியே மூடியிருக்கிற கொங்கிறீட் பிளந்து கழன்றுவிடும். கடற்காற்றின் உப்பும், கழுவாமல் சேர்த்த உப்பு மணலும் இந்த வேலையைத் துரிதப்படுத்தும். கரையோர ஊர்க்காரரான நமக்கு இது புதினமல்ல.

இரும்புத் தகட்டிலிருந்து நாருக்கு

பீமுக்கு வெளியே எதையாவது ஒட்டிப் பலப்படுத்தும் யோசனை அறுபது வருடப் பழையது. 1964இல் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில், தொடர்மாடி வீட்டுக் கட்டடம் ஒன்றின் பீமுக்குள் வைக்கவேண்டிய கம்பியை வைக்காமலே கொங்கிறீட் போட்டுவிட்டார்கள். உடைப்பதற்குப் பதிலாக, அடியில் இரும்புத் தகட்டை எபொக்சிப் பசையால் ஒட்டினார்கள். உள்ளே இருக்கவேண்டிய கம்பி வெளியே வந்து ஒட்டிக்கொண்டதுபோல. அதே தசாப்தத்தில் பிரான்சிலும் இது பற்றிய பரிசோதனைகள் நடந்தன.

வழி நல்லதுதான், ஆனால் தகடு பாரம். தூக்கிப் பிடிக்கச் சாரமும் ஆளும் வேண்டும். நீளமான பீமுக்குத் துண்டு துண்டாக வெட்டிப் பொருத்தவேண்டும். எல்லாவற்றையும் விட, பசைக்கும் தகட்டுக்கும் இடையில் ஈரம் புகுந்தால் தகடே துருப்பிடித்துக் கழரும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் நார் வலுவூட்டிய பல்பகுதியம். பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் எளிது. மிக மெல்லிய நார்களை ஒரே திசையில் அடுக்கி, எபொக்சி போன்ற பல்பகுதியத்தில் ஊறவைத்து இறுகச் செய்வது. இழுவையைத் தாங்குவது நார். நார்களைச் சேர்த்துப் பிடித்து விசையைப் பகிர்வது பல்பகுதியம். கண்ணாடி நார், அரமிட் நார், காபன் நார் என மூன்று வகை அதிகம் பயன்படுகின்றன. பீமுக்குப் பெரும்பாலும் காபன்தான். ஒரு காபன் இழையின் தடிப்பு நம் தலைமயிரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இது துருப்பிடிக்காது. எடை இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு. சுருட்டித் தோளில் கொண்டுபோகலாம்.

லுசேர்ன் பாலத்தின் கதை

சுவிற்சர்லாந்தில் டூபென்டோர்ஃப் என்ற இடத்தில் 'எம்பா' என்னும் அரச ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே ஊர்ஸ் மையர் என்ற பொறியியலாளரின் குழு, 1980களில் காபன் பட்டி ஒட்டிய பீம்களைச் சோதித்துக்கொண்டிருந்தது. அதற்கு உண்மையான சோதனை 1991இல் வந்தது.

லுசேர்ன் நகருக்கருகே இபாக் என்னுமிடத்தில் 1969இல் கட்டிய 228 மீற்றர் நீளப் பாலம் ஒன்று. புதிய போக்குவரத்துச் சமிக்ஞை விளக்குப் பொருத்தத் துளையிட்டபோது, உள்ளே முன்தகைப்புக் கொடுத்திருந்த கம்பிக் கட்டில் தவறுதலாகத் துளைகருவி பட்டுப் பல கம்பிகள் அறுந்துபோயின. பாரமான வாகனங்களுக்கு விசேட அனுமதி கொடுப்பது நிறுத்தப்பட்டது. கீழே நெடுஞ்சாலை ஓடியதால் இரவில் மட்டுமே வேலை செய்யக்கூடியதாக இருந்தது.

மையரின் குழு 15 சென்ரிமீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் கொண்ட மூன்று காபன் பட்டிகளை அடியில் ஒட்டியது. மூன்றினதும் மொத்த எடை 6.2 கிலோகிராம். இரும்புத் தகடு என்றால் 175 கிலோகிராம் தேவைப்பட்டிருக்கும். காபன் அன்று கிலோ விலையில் இரும்பை விடப் பல மடங்கு கூட. ஆனாலும் சாரம் கட்டாமல், தூக்கி ஒன்றில் நின்றபடியே வேலை முடிந்ததால் மொத்தக் கணக்குச் சரிவந்தது. அதன்பின் பார வாகனம் ஏற்றிச் சோதித்துப் பார்த்து, பாலம் சரியாக நிற்கிறது என்று கண்டார்கள். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு யப்பானில் தூண்களுக்கு நார்த் துணி சுற்றும் வேலை பெருமளவில் பரவியது. பின்னர் உலகம் முழுக்கப் போயிற்று.

இந்தக் கதையில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. இபாக் பாலத்துக் கொங்கிறீட் நோயாளியல்ல. நல்ல உடம்பில் ஒரு நரம்பு வெட்டுப்பட்டதுபோல, காரணமும் இடமும் தெரிந்த ஒரு காயம். டேர்பன் பீமும் அப்படியே. கம்பி இல்லையே தவிர, கொங்கிறீட் சுகமாக இருந்தது. எங்கட வகுப்பறைப் பீமின் நிலைமை அது இல்லை.

34 தொன்னும் 8 தொன்னும்

விற்பவரின் கையேட்டில் பெரிய எண்கள் இருக்கும். அவை பொய்யல்ல, அரைவாசி உண்மை. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

100 மில்லிமீற்றர் அகலம், 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு காபன் பட்டி. இத்தகைய பட்டியின் இழுவைப் பலம் சாதாரணமாக 2800 மெகாபஸ்கால் அளவில் இருக்கும். அப்படியானால் அந்த ஒரு பட்டி அறும்வரை சுமார் 34 தொன் இழுவையைத் தாங்கும். ஒரு 16 மில்லிமீற்றர் கம்பி நீளத் தொடங்குவது சுமார் 10 தொன்னில். ஐந்து மீற்றர்ப் பட்டியின் எடையோ ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. கேட்க அதிசயமாக இருக்கும்.

ஆனால் அந்த 34 தொன்னும் பீமுக்குப் போய்ச் சேர ஒரு வழிதான் இருக்கிறது: பட்டி, பசை, கொங்கிறீட்டின் மேற்தோல். எபொக்சிப் பசை, சரியாகச் செய்தால், கொங்கிறீட்டை விடப் பலமானது. ஆகவே பட்டி அறுவதற்கு முன், பசை விடுவதற்கும் முன், கொங்கிறீட்டின் தோல்தான் உரிந்து வரும். அமெரிக்கக் கொங்கிறீட் நிறுவகத்தின் வழிகாட்டியில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. 20 மெகாபஸ்கால் கொங்கிறீட்டில் மேலே சொன்ன பட்டியை ஒட்டினால், அந்தச் சூத்திரப்படி கணக்கில் எடுக்கக்கூடியது சுமார் 8 தொன்தான். நாலில் ஒரு பங்கு! அதுவும் தோல் சுகமாக இருந்தால்.

வெண்கட்டியிலும் இதைக் காட்டலாம். அடிப்பக்கத்தில் செலோரேப்பை இறுக்கி ஒட்டிவிட்டு வளைத்துப் பாருங்கள். முன்னை விடக் கூடத் தாங்கும். இன்னொரு வெண்கட்டியை மேசையில் உரசித் தூளாக்கி, அந்தத் தூளோடு ரேப்பை ஒட்டி வளையுங்கள். ரேப் அறாது. தூளையும் அள்ளிக்கொண்டு கழன்று வரும், வெண்கட்டி பழையபடி முறியும். என் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான், எங்கட பொறியியலாளர் ஏன் சுத்தியலால் தட்டினார் என்று விளங்கிக்கொண்டார்கள். எனக்கும் அப்போதுதான் முழுதாக விளங்கியது.

இதனால்தான் ஒட்டுமுன் ஒரு சோதனை செய்கிறார்கள். பீமின் மேற்பரப்பில் ஒரு சின்ன உலோக வில்லையைப் பசையால் ஒட்டி, இறுகியபின் கருவியால் நேரே இழுப்பார்கள். கொங்கிறீட் குறைந்தது 1.4 மெகாபஸ்கால் இழுவைக்கு நின்றுபிடிக்க வேண்டும்; அதன் அமுக்கப் பலமும் 17 மெகாபஸ்காலுக்குக் குறையக்கூடாது என்கிறது அதே வழிகாட்டி. அதற்குக் கீழே போனால் பட்டி ஒட்டுவதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஒட்டும் வேலை

காசு கொடுப்பவர் பக்கத்தில் நின்று பார்க்கத்தக்க வேலை இது. முதலில் பூச்சுச் சாந்து, பெயின்ற் எல்லாவற்றையும் நீக்கவேண்டும். சாந்துக்கு மேல் ஒட்டுவது வீண். பிறகு கொங்கிறீட்டின் மேற்தோலை அரைத்தோ மணல் வீசியோ உள்ளே உள்ள கல் தெரியும்வரை எடுக்கவேண்டும். தூசியை உறிஞ்சி எடுக்கவேண்டும். ஈரம் காயவேண்டும். வெடிப்புக்குள் எபொக்சி ஏற்றி, பள்ளங்களை நிரவவேண்டும். பக்கவாட்டில் சுற்றி வருவதானால் பீமின் கூரான விளிம்பைக் குறைந்தது 13 மில்லிமீற்றர் ஆரைக்கு உருட்டவேண்டும். கூர் விளிம்பில் நார் வெட்டுப்படும்.

பசை இரண்டு பாகமாக வரும். சொன்ன அளவில் கலக்கவேண்டும், கலந்தால் நேரம் ஓடத் தொடங்கிவிடும். நம் நாட்டு வெயிலில் அந்த நேரம் இன்னும் குறையும். "கொஞ்சம் இறுகிட்டு, பரவாயில்ல" என்று அதையே பூசினால் வேலை பாழ். துணியாக ஒட்டினால், பசையில் ஊறவைத்து நார் ஓடும் திசையில் உருளையால் உருட்டி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றவேண்டும். காற்று நின்ற இடம் ஒட்டாத இடம். எல்லாம் இறுகியபின் திரும்பவும் தட்டிப் பார்க்கவேண்டும்.

எந்தத் திசையில் ஒட்டுவது என்பதும் முக்கியம். வளைவுக்கென்றால் அடியில் நீளவாக்கில். தூணுக்கருகே சாய்வு வெடிப்பு என்றால் அடியையும் இரு பக்கத்தையும் சேர்த்து 'ப' எழுத்தைப்போலச் சுற்றவேண்டும். மேலே சிலாப் இருப்பதால் தூணைச் சுற்றுவதுபோல முழுக்கச் சுற்ற முடியாது. ஆகவே நுனிகள் உரியாமல் பிடித்துவைக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

எங்கே ஒட்டக்கூடாது?

முதலாவது, துரு. கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும் பீமின் மேல் பட்டியை ஒட்டினால் துரு நிற்காது. உள்ளே பருத்து, கொங்கிறீட் தோலையும் பட்டியையும் சேர்த்தே தள்ளிவிடும். அதுவரை பீம் அழகாகத் தெரியும் என்பதுதான் பெரிய ஆபத்து. கழன்ற கொங்கிறீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை உடைத்து எடுத்து, துருவைத் துடைத்து, தேய்ந்த கம்பிக்குப் புதுக் கம்பி சேர்த்து, பழுதுபார்க்கும் சாந்தால் நிரப்பிய பிறகே பட்டியைப் பற்றி யோசிக்கவேண்டும். சில வேளை அதோடேயே வேலை முடிந்துவிடும், பட்டி தேவைப்படாது. இன்னொன்று, காபன் மின்னைக் கடத்தும். இரும்பில் நேரே பட்டால் துருவை இன்னும் கூட்டிவிடும்.

இரண்டாவது, நெருப்பு. எபொக்சி ஏறத்தாழ 60 முதல் 82 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். தீப்பிடித்த அறையின் வெப்பம் அதைப் பல மடங்கு தாண்டும். கம்பிக்குக் கொங்கிறீட் போர்வை இருக்கிறது. வெளியே ஒட்டிய பட்டிக்கு ஒன்றும் இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் வெப்பத்தில் இந்த ஒட்டு எப்படி நடந்துகொள்கிறது, எப்படிக் காப்பது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். இதற்காகவே வழிகாட்டி ஒரு கண்டிப்பான நிபந்தனை வைக்கிறது. பட்டி முழுவதும் இல்லாமல் போனாலும், பீம் தனியே, நிலைச் சுமையின் 1.1 மடங்கையும் ஆட்கள், தளபாடம் போன்ற மாறும் சுமையின் 0.75 மடங்கையும் சேர்த்துத் தாங்கவேண்டும். இருப்பதோடு கொஞ்சம் கூட்டத்தான் பட்டி. விழப்போகிற பீமை அதனால் நிறுத்த முடியாது.

மூன்றாவது, எச்சரிக்கை இல்லாமை. கம்பி முறியுமுன் நீளும். பீம் தொய்யும், வெடிப்பு அகலும், கீழே இருப்பவர் எழுந்து ஓட நேரம் கிடைக்கும். காபன் நீள்வது மிகக் குறைவு. உரிவதும் அறுவதும் திடீரென்று நடக்கும். ஆகவே 'ரெண்டு தரம் ஒட்டினது நல்லம், நாலு தரம் ஒட்டினா இன்னும் நல்லம்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

கேட்கவேண்டிய கேள்விகள்

பொறியியல் தெரியாத நிருவாக சபைகூட இவற்றைக் கேட்கலாம். பீம் எதனால் பலவீனமானது என்று கண்டுபிடித்தது யார்? தட்டியும் இழுத்தும் சோதித்தீர்களா, முடிவு எழுத்தில் இருக்கிறதா? கம்பியைத் திறந்து பார்த்தீர்களா? பட்டி இல்லாமல் பீம் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கில் பட்டயப் பொறியியலாளர் ஒப்பமிட்டிருக்கிறாரா? தீக்கும் வெயிலுக்கும் என்ன காப்பு? இவற்றுக்கு "அதெல்லாம் பிரச்சினையில்ல" என்பதுதான் மறுமொழி என்றால் காசுப் பையைத் திறக்க வேண்டாம். பொதுக் காசு அமானிதம். அதன் கீழே வந்து இருக்கும் பிள்ளைகள் அதைவிடப் பெரிய அமானிதம்.

எங்கட பீமுக்கு வருகிறேன். முதல் நாளே அடியில் இரும்பு ஜக் வைத்து முட்டுக் கொடுத்து, ஒன்பதாம் தரத்தை நூலகத்துக்கு மாற்றினோம். அந்த மாடியில் மொத்தம் மூன்று பீம். மூன்றிலும் வில்லை ஒட்டி இழுத்துப் பார்த்தார்கள். இரண்டு நின்றுபிடித்தன. வகுப்பறைப் பீமில் வில்லை இலேசாகவே கழன்று வந்தது, அடியில் ஒரு பிடி கொங்கிறீட்டோடு. அந்த வில்லையைக் கூட்டத்தில் கைக்குக் கை கொடுத்தோம். கட்டட வேலைக்காரரும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஒட்டியிருந்தா இதுதான் வந்திருக்கும், என்ன சேர்?" என்றார். அவர் ஏமாற்ற வந்தவரல்ல. கேட்டதை நம்பியவர், எங்களைப்போல.

அந்தப் பீமை உடைத்துக் கட்டத் தீர்மானித்திருக்கிறோம். மற்ற இரண்டுக்கும் பட்டி தேவையா என்ற கணக்கு இப்போது நடக்கிறது. காசு இன்னும் காணாது. பிள்ளைகள் இன்னும் நூலகத்தில்தான் இருக்கிறார்கள். நெருக்கம்தான், ஆனால் பாடம் எடுக்கும்போது நான் இப்போது அண்ணாந்து பார்ப்பதில்லை.